யானைக்கு முதுகு காட்டி நின்ற கதை

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் துணியைக் கண்டாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவர் சட்டைத் தையல்தான் எங்கள் கண்ணில் படும். பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணியின் தரம் பார்க்கும் எனக்கு அது முற்றிய நிலை. (பையில் பேனா இருக்காது, இழை எண்ணும் லென்ஸ் இருக்கும்.)

கல்யாணமான புதிதில் மனைவி சுகந்தி, மாமனாரோடு ஆனைமலைக்குக் கிளம்பினோம். காட்டு யானையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது சுகந்தியின் சின்ன வயது ஆசை. அதனால் காட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பழைய விடுதியில்தான் தங்க வேண்டும் என்றாள். நானோ அடிவாரத்தில் ஏசி, லிஃப்ட், காலை டிபனோடு ஓர் ஓட்டலைப் பார்த்து வைத்திருந்தேன். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமனார் பஞ்சாயத்து பண்ணினார்.

"மாப்பிள்ளை ரூமப் பாக்கட்டும் கண்ணு. அவருக்குப் புடிச்சாத் தங்கலாம். இல்லீன்னா பொழுதோட காட்டு கேட் சாத்தறதுக்குள்ள கீழ எறங்கிரலாம்."

சுகந்தியின் முகம் வாடிவிட்டது. (குறை கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்.)

மலை ஏற ஏற காருக்குள் குளிர் வந்தது. மேகம் ரோட்டுக்கே வந்து நின்றது. நான் சீட் உறையின் தையலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். சுகந்தி ஜன்னலைத் திறந்தாள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கை விரிப்பை உருவி லென்ஸை வைத்தேன்.

"நூல் மட்டமுங்க மாமா. பஞ்சு உருண்டை உருண்டையா எந்திரிச்சு நிக்குது. ஓரத் தையல் கோணல்."

யாரும் பேசவில்லை. என் ஞானத்தில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தலையணை உறைக்குப் போனேன்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் அறையைத் திறந்துவிட வந்த விடுதிக் காவலாளி, கிசுகிசுப்பாக.

"குறையச் சொன்னாக் கோவம் வருதுங்களா?" என்று குரலை உயர்த்தினேன்.

சுகந்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

ஜன்னல் முழுக்க யானை. விடுதியைச் சுற்றி வெட்டிய அகழிக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், சேறு பூசிய ஒரு தாய். அதன் காலடியில் குட்டி. பின்னாலேயே மூங்கிலை முறித்துக்கொண்டு இன்னும் சில. அந்தத் தோலின் மடிப்பையும், மெல்ல அசைந்த காதையும் பார்த்தபடி நின்றேன். எத்தனையோ துணிகளுக்குத் தரம் சொன்ன வாய்க்கு அதைச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. தாய் யானை எங்கள் பக்கம் பார்த்தது. நான் எவ்வளவு சின்ன ஆள் என்று அப்போது தெரிந்தது. ஏனோ அது பெரிய சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் சுகந்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டம் மரங்களுக்குள் மறைந்ததும் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"என்னங்க மாப்பிள்ளை, கேட் சாத்தீருவாங்க. கீழ போயிரலாமுங்களா?"

நான் விரிப்பைக் கட்டிலில் விரித்துக்கொண்டிருந்தேன், உள்பக்கம் மேலே தெரிவதைக்கூடக் கவனிக்காமல்.

"இங்கயே இருந்துக்கலாமுங்க மாமா."

இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கே போய் இறங்கினாலும், பெட்டியை உள்ளே வைப்பதற்குள் மாமனார் ஆரம்பித்துவிடுவார்.

"நீங்க பெட்ஷீட்டப் பாருங்க மாப்பிள்ளை. யானைய நாங்க பாத்துக்கறோம்."