பழனிச்சாமிக் கடா

“…அதெல்லாம் கிடக்கட்டும், மத்தவாள்ளாம் எங்கே?” என்று கேட்டார் டாக்டர் விசாலம்.

கேட்டது என்னை அல்ல. ஆனால் அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்பின் கிளப்பில் பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பதினொன்று காலி. பன்னிரண்டாவதில் நான். எஸ்டேட் தலைமைக் குமாஸ்தாவிடம் இரவல் வாங்கிய கோட்டுக்குள் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அப்படி இருந்தும் எனக்கு மூச்சு முட்டியது.

பொருளைத் திருடியவனுக்கு ஒரே கவலைதான்: பொருளை எங்கே ஒளிப்பது? சேதியைத் திருடியவன் பாடு அப்படி இல்லை. அவன் மூஞ்சியை ஒளிக்க வேண்டும். எனக்கோ பெரிய மூஞ்சி.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில், வடகரப்பதியில் அப்பாவோடு கடலைக்காட்டில் நிற்கப் பிடிக்காமல் மலையேறி, சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தட்டச்சராகச் சேர்ந்தேன். வேலை போக மிச்ச நேரத்தில் இன்ஜினியருக்கு எடுபிடி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கோட்டயத்துக்காரர் அவர். கம்பியில் உட்காரும் குருவியைப் பார்த்துப் பார்த்து, கம்பியை மறந்து குருவியைப் பிடித்துக்கொண்டவர். ஊரில் ‘குருவி இன்ஜினியர்’ என்றுதான் பெயர். மாதம் ஒரு முறை அவர் ஒரு சுற்றுமடல் வெளியிடுவார். எந்த மலையில் யார் எந்தப் பறவையைக் கண்டார்கள், எங்கே ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், யாருக்கு எந்தப் புத்தகம் வேண்டும், எல்லாம் அதில் வரும். விலங்குகளின் பின்னால் அலைகிறவர்களுக்கு அந்த நாளில் வேறு வழி கிடையாது. ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டால்தான் உண்டு. இல்லையென்றால் பக்கத்து மலையில் நடப்பதும் தெரியாது.

ஸ்டென்சில் வெட்டுவது, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் அறுபது பிரதி உருட்டுவது, உறையில் முகவரி தட்டுவது, எல்லாம் நான்.

இப்படித் தட்டித் தட்டியே எனக்கு வனவிலங்கு நிபுணன் என்ற நினைப்பு வந்துவிட்டது. வரையாட்டைப் பற்றி மட்டும் முப்பது பக்கம் தட்டியிருக்கிறேன். எடை தெரியும், கொம்பின் நீளம் தெரியும், லத்தீன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (ஒரு வரையாட்டையும் நேரில் பார்த்ததில்லை. அது ஒரு சின்னக் குறை என்றுதான் அப்போது நினைத்தேன்.)

அந்த ஐப்பசியில் கல்பாத்தியிலிருந்து டாக்டர் விசாலத்தின் கடிதம் வந்தது. ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருபவர். இரண்டு வருஷம் நம் மலையில் தங்கி வரையாடுகளை எண்ணி ஆராயப் போகிறார். கூட நடக்க ஓர் உதவியாளர் வேண்டும். மார்கழியில் நேரில் வந்து ஆளைத் தேர்வு செய்வார். தயவுசெய்து சுற்றுமடலில் போடவும். மொத்தம் ஏழு வரி. இன்ஜினியர் அதன் மேல் ‘முதல் பக்கம்’ என்று எழுதி என்னிடம் தந்தார்.

அந்த ஏழு வரியைப் படித்ததும், தட்டச்சு இயந்திரம் எனக்குக் கைவிலங்காகத் தெரிந்தது. மலை மேல் கூடாரம், கழுத்தில் தொலைநோக்கி, எதிரே ஆட்டுக்கூட்டம், நடுவில் நான். ஆனால் அறுபது பேர் படித்தால் அறுபது பேரும் வருவார்களே? அதில் முக்கால்வாசிப் பேர் எம்.எஸ்ஸி. நான் எஸ்.எஸ்.எல்.சி., அதுவும் இரண்டாம் தவணையில்.

எங்கள் அப்பா ஒன்று சொல்வார்: “வாய்க்காலை அடைச்சீன்னா அடுத்தவன் பயிரு காயும், அடைச்சவன் பயிரு அழுகும்.” அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான். இருந்தாலும் அடைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் பக்கத்துக்கு இரண்டு ஸ்டென்சில் வெட்டினேன். யோக்கியமாக ஒன்று, அயோக்கியத்தனமாக ஒன்று. முதலாவதில் ஏழு வரியும் இருந்தது. அதில் ஒரே ஒரு பிரதி எடுத்து இன்ஜினியர் கையில் கொடுத்தேன். இரண்டாவதில் அந்த ஏழு வரி இருந்த இடத்தில் வேறு ஏழு வரி போட்டேன்: இம்மாதம் மலையில் அட்டைப்பூச்சி அதிகம், நடப்பவர்கள் உப்பும் புகையிலையும் கொண்டு செல்லவும், கடித்த அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம். (எண்ணிப் பார்த்து, எழுத்துக் கணக்குக்கூடப் பிசகாமல் எழுதினேன். இந்த உழைப்பைப் படிப்பில் போட்டிருந்தால் நானும் எம்.எஸ்ஸி.தான்.) அதைத்தான் ஊருக்கு அனுப்பினேன்.

பிறகு டாக்டருக்கு என் விண்ணப்பத்தை எழுதினேன். கை பழகிய பழக்கத்தில் முதல் வரி இப்படி விழுந்தது: ‘தங்கள் விளம்பரத்தைச் சுற்றுமடலில் கண்டு விண்ணப்பித்துக்கொள்வது…’

இப்போது கிளப்புக்கு வருகிறேன்.

மத்தவர்கள் எங்கே என்று டாக்டர் கேட்டதும் இன்ஜினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே போட்டேனே என்று தன் கோப்பைத் திறந்து, அந்த ஒரே பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் தன் தோள்பையிலிருந்து அதே மாதச் சுற்றுமடலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அங்கே அட்டைப்பூச்சி.

ஆம், அவரும் சந்தாதாரர். அறுபது முகவரியில் முப்பத்தெட்டாவது, கல்பாத்தி. உறையில் தட்டியதும் நான், தபால்தலை ஒட்டியதும் நான். திருடப் போன வீட்டில் ரேஷன் கார்டை வைத்துவிட்டு வந்தவன் கதை.

இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, இரண்டு தாளையும் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எடோ பழனிச்சாமி, இது எந்தா?”

“அட்டைங்க,” என்றேன்.

(வேறு என்ன சொல்ல முடியும்? அது உண்மைதானே.)

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை மடித்துக்கொண்டார். “ரெண்டு மாசமா, இவர் என் விளம்பரத்தைப் போடலையேன்னு மனசுக்குள்ள திட்டிண்டிருக்கேன். அப்பறம் பாத்தா, போடாத விளம்பரத்தைப் பாத்தேன்னு ஒருத்தன் எழுதறான். அந்த மகானைப் பாக்கணும்னுதான் முக்கியமா வந்தேன்.”

இரவல் கோட்டுக்குள் நான் இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.

“கேட்டுக்கோ. ஒருத்தனை மட்டும் வச்சுண்டு பொறுக்கினா அதுக்குப் பேர் தேர்வில்லை, கல்யாணம். மூணு பேராவது வரணும்ங்கறது எங்க காலேஜ் சட்டம். இல்லைன்னா இந்த வேலையே கிடையாது. நானும் ஆடு எண்ண வேண்டாம், ஆத்துக்குப் போகலாம். நாலு மணிக்கு ஜீப் எறங்கறது. நீ மறைச்ச ஆளை நீயே கொண்டு வா.”

ஓடினேன். ஓடும்போதே புத்தி மறுபடி வேலை செய்தது. (அடிபட்ட புத்திக்குத்தான் சுறுசுறுப்பு அதிகம்.) இரண்டு பேர் வேண்டும், சரி. ஆனால் கெட்டிக்காரர்கள் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இந்த மலையிலேயே எனக்குப் போட்டியாக முடியாத இரண்டு பேரைத் தேடினேன்.

முதல் ஆள் கிளப் சமையற்கட்டிலேயே கிடைத்தார், சமையல்காரர் பேச்சிமுத்து. நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றுகிறவர். இரண்டாவது ஆள் எங்கள் எஸ்டேட் தபால்காரன் ஜெபமணி. தினமும் மலைமுகட்டைத் தாண்டித் தபால் பையைச் சுமந்து போய் வருவான். வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. பேசாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த வயதில் என் சித்தாந்தம். இரண்டு பேரிடமும், ஒரு அம்மா வந்திருக்கிறார், சும்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றி, எஸ்டேட் எல்லையில், பெரும்பாறைக்கு எதிரே கொண்டு போய் இறக்கினார் டாக்டர்.

முதலில் பேச்சிமுத்து. வரையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்.

“துரைமாரு இருந்த காலத்துல ரெண்டு மட்டம் கறி வச்சிருக்கேம்மா. என்ன வேக வச்சாலும் சவ்வு மாதிரிதான் இருக்கும்.”

டாக்டர் குறித்துக்கொண்டார்.

அடுத்து நான். முப்பது பக்கத்தையும் கொட்டினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொலைநோக்கியை என்னிடம் தந்து, “இப்போ ஒண்ணைக் காட்டு பாப்போம்,” என்றார்.

தெய்வம் என் பக்கம் இருந்தது. தொலைநோக்கியை வைத்ததுமே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே கன்னங்கரேலென்று ஒரு பெரிய கடா. கிழட்டுக் கடாவுக்கு முதுகில் வெள்ளிச் சேணம் போட்ட மாதிரி வெளுத்திருக்கும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் தட்டியிருக்கிறேன். இதற்கும் இருந்தது. விடுவேனா? வயது எட்டுக்கு மேல் என்றேன். கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக நிற்பது முதுமையின் குணம் என்றேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கைக் காட்டி நிற்பதைக் கவனிக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் பேசினேன். அதுவரை அது அசையவில்லை. அதையும் விடாமல், “பாருங்க, எவ்வளவு நிதானமான பிராணி!” என்று முடித்தேன்.

ஜெபமணி தொண்டையைக் கனைத்தான்.

“சார்… அது கல்லுல்லா?”

நான் மறுபடி தொலைநோக்கியை வைத்துப் பார்த்தேன்.

“நான் சின்னப்பிள்ளையா இருக்கையிலேருந்து அங்கனதான் கெடக்கு. முதுகுல வெள்ளையாத் தெரியுது பாத்தியளா, அது பாசி. ஆடு கீழ நிக்கி. அந்த வெடிப்புக்குக் கெழக்க எட்டு. ஒண்ணு சினை. ஒண்ணுக்கு இடது கொம்பு மொட்டை. அது போன வருசம் விழுந்துட்டு.”

தொலைநோக்கி இல்லாமல் சொன்னான். டாக்டர் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்.

அவன் மிரண்டுவிட்டான். “எனக்கு எதுக்கும்மா? தபால் பையை ஆரு தூக்குவா? எனக்கு வேதப்புஸ்தகம் வாசிக்கத்தான் தெரியும், இங்கிலீசு தெரியாது. பழனிச்சாமி சாருக்கே குடுங்க. பாவம், ஆசைப்பட்டுக் கோட்டெல்லாம் போட்டுட்டு வந்துருக்காக.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. கல்லைக் கடா என்றவனுக்கு மனமுவந்து தரமாட்டார்தான். ஆனால் மலையில் நடக்க ஆள் வேண்டுமே? மிச்சம் இருப்பது நானும், நாற்காலியில் ஏறினால் தலை சுற்றுகிற பேச்சிமுத்துவும். வேலை என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆனால் அந்த ‘பாவம்’ என்னைக் குடைந்தது. அதோடு இன்னொன்றும் நினைவு வந்தது. அந்த ஐப்பசி மாதத்து அறுபது உறையையும் மலைமுகட்டைத் தாண்டிச் சுமந்து போனவன் இவன்தான். தனக்கு வர வேண்டிய சேதி இல்லாத பையை, மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, தானே தூக்கிப் போயிருக்கிறான்.

“ஜெபமணி, இங்க பாருங்க,” என்றேன். அதுவரை நான் அவனுக்குப் பன்மை போட்டதில்லை. அந்த ஏழு வரியையும் மனப்பாடமாகச் சொன்னேன். ஒளித்தவனுக்குத்தானே ஒளித்தது அத்தனையும் தெரியும்? இரண்டு வருஷம், கூடாரம், தொலைநோக்கி எல்லாம் சொல்லி ஆறாவது வரிக்கு வந்தேன். “‘படிப்பு முக்கியம் அல்ல. மலையை அறிந்தவராக இருந்தால் போதும். குறிப்பை எந்த மொழியிலும் எழுதலாம்.’ இதுதானுங்க போட்டிருந்துச்சு. இது எனக்கு எழுதினதே இல்லீங்க. உங்களுக்கு எழுதினது.”

“இது எப்ப வந்துச்சு சார்?”

“ஐப்பசியில வந்துச்சுங்க. நாந்தான் உங்களுக்கு வர விடலை.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் பேச்சிமுத்துவைப் பார்த்தான், பேச்சிமுத்து அவனைப் பார்த்தார், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாரேம்மா,” என்றான் ஜெபமணி.

இரண்டு வருஷம் என்று போன ஜெபமணி, அப்புறம் அந்த மலைகளை விட்டு இறங்கவே இல்லை. எத்தனையோ ஆராய்ச்சிக்காரர்கள் அவர் காலடியைப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள். அவர் தமிழில் எழுதிய குறிப்புகளை இரவல் கோட்டுக்காரன் ஒருவன் வருஷக்கணக்கில் ஆங்கிலத்தில் தட்டினான்.

இன்ஜினியர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு ஸ்டென்சிலைக் கொடுத்தார்: வேலைச் சேதி எல்லாம் முதல் பக்கம், அதைத் தபாலில் போடுவதற்கு முன் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் நின்று நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அறுபது பிரதி இருநூறு ஆனது. தவளை எண்ணப் போனவர், யானைச் சாணத்தை அலசப் போனவர், இருவாச்சிப் பறவைக்காக மரத்தடியில் தவம் கிடந்தவர் என்று எத்தனையோ பேர் அந்த முதல் பக்கத்தைப் பிடித்து ஏறிப் போனார்கள். வாய்க்காலைத் திறந்துவிட்டால் இவ்வளவு தண்ணீரா என்று எனக்கே திகைப்பு.

வீட்டில் மட்டும் மன்னிப்பு கிடையாது. நான் முறுக்கு டப்பாவை அலமாரிக்குப் பின்னால் நகர்த்தினால், உள்ளேயிருந்து என் மனைவி குரல் வரும்: “இந்த மாசம் அட்டை ஜாஸ்தீங்களா?”

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று ஜீப் புறப்படும் முன் நடந்ததற்குத்தான் இன்றுவரை மருந்து இல்லை. டாக்டர் ஜெபமணியிடம் அந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அதுக்குப் பேரெல்லாம் கிடையாதும்மா என்றார் அவர். டாக்டர் ஜீப்பின் முன்மூடியில் வரைபடத்தை விரித்தார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார், அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார், என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அழகான கையெழுத்தில், நிதானமாக எழுதினார்: பழனிச்சாமிக் கடா.