தீப்பெட்டியில் கெட்டிமேளம்

எந்தச் சாமானும் கெடுவதற்கு முன்னால் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் கெடும். நாம்தான் அதை வேறு எதுவோ என்று நினைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம். நான் வேடிக்கை பார்த்தது ஒரு பழுப்புப் பொடியை.

மொரீஷியஸ் சுதந்திரம் அடைவதற்குச் சில வருடங்கள் முன்பு காத்ர் போர்ன் ஊரில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். அப்போது இந்தத் தீவில் ஒரு கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தியாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த கோஷ்டி வாசித்ததை டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்தேன். அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சுருளும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான் மேளம். (பட்டு வேட்டி கட்டிக்கொள்வேன். மெஷினுக்குப் பொட்டும் வைப்பேன்.)

மாற்றுச் சுருள் நன்றாக இருக்கிறதா என்ற கவலையில் தினமும் சாயங்காலம் அதை முழுசாக ஓட்டிப் பார்ப்பேன். முடிந்ததும் நாடா உரசும் இடத்தில் பொடி படிந்திருக்கும். எங்கிருந்து வருகிறது? தொட்டுப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், தீப்பெட்டியில் சேர்த்துவைத்தேன். கரும்புத் தோட்டத்துச் செம்மண் காற்றில் வருகிறது என்று கடைசியில் முடிவு கட்டினேன். பொடி உதிர்ந்தால் நாடாவை மாற்றிவிடு என்று முதலாளி சொல்லத்தான் செய்தார். பாடிக்கொண்டிருப்பதை எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா குட்லண்ட்ஸ் ஊர்க்காரர், சாஸ்திரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். தாலி கட்டும்போது தும்மலோ கெட்ட பேச்சோ காதில் விழக் கூடாது, அதற்குத்தான் கெட்டிமேளம், மேளம் நின்றால் தாலியும் நிற்கும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, நிஜமா ஓடுமா?"

"ரெண்டு சுருள் இருக்கு அக்கா."

அக்கா பந்தலுக்குள் வரும்போதே முதல் சுருள் பட்டென்று அறுந்தது. நான் அசரவில்லை. மாற்றுச் சுருளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு மாட்டினேன். அய்யர் கையை உயர்த்தினார். நாதஸ்வரம் கம்பளிக்குள் இருந்து வருவது போல வந்தது, அப்புறம் வெறும் உஸ்ஸென்ற இரைச்சல், பிறகு அதுவும் இல்லை.

தாலியோடு மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. அக்கா என்னையே பார்த்தாள். மெஷின் மூடியைத் திறந்தேன். உள்ளே அதே பொடி, குவியலாக. அது மண் இல்லை, நாடாவே உதிர்கிறது என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. அக்காவின் கெட்டிமேளத்தை இத்தனை மாதமாகத் தீப்பெட்டியில் சேர்த்திருக்கிறேன்!

வாயைக் குவித்துப் பலமாக ஊதினேன். பொடி நேராக என் மூக்குக்கு வந்தது. தும்மினேன். அடக்கப் பார்த்து இன்னும் பலமாகத் தும்மினேன்.

சம்பந்தி எழுந்துவிட்டார். அப்போது பந்தலுக்குப் பின்னால் ஏழு கறி சமைத்துக்கொண்டிருந்த என் தாய்மாமா, "ஆலே, தாப்பே!" (ம்ம், அடிங்க!) என்று கிரியோலில் கத்தி, அண்டாவில் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார். மற்ற சமையல்காரர்களும் மூடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்தது இந்தத் தீவில் கடற்கரையில் ஆடும் செகா ஆட்டத்தின் தாளம் ஒன்றுதான்.

"இது மேளமா?" என்றார் சம்பந்தி.

முகூர்த்தம் தப்பிவிடும் என்ற கவலையில் இருந்த அய்யர், "இந்தச் சத்தத்தில் இனி எந்தத் தும்மலும் கேட்காதே, கட்டச் சொல்லுங்கள்" என்றார்.

செகா தாளத்தில் தாலி ஏறியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சம்பந்தியின் கால் லேசாக ஆடியதை நான் பார்த்தேன். (கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.)

இப்போது அசல் நாதஸ்வரமே தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கெட்டிமேளத்தின்போது யாராவது அண்டாவில் ஒரு அடி போடாமல் இருப்பதில்லை. அதற்குச் சற்று முன்பாகவே அக்கா அனுப்பிய கைக்குட்டை, வரிசையாகக் கை மாறி எனக்கு வந்து சேர்ந்துவிடும். என் கல்யாணத்திலும் வந்தது. இரண்டு கையிலும் தாலியைப் பிடித்திருந்ததால் என்னால் வாங்க முடியவில்லை. அக்காவே பின்னால் வந்து நின்று, மூன்று முடிச்சும் விழும்வரை என் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.