ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம்

இந்த வருஷம் தனியாகத்தான் போவது என்று எர்னஸ்ட் முடிவெடுத்துவிட்டான். சாதாரண முடிவா? பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு.

இனுவிக் நகரத்தில் சீட்டாட்டப் போட்டி. போன வருஷம் கடைசி ஆட்டம் வரை வந்தவனை, எதிரே உட்கார்ந்து கவிழ்த்தது யார்? "சும்மா வேடிக்கை பார்க்க வரேன்" என்று கூட வந்த அவன் பெண்டாட்டி எஃபி! அவர்கள் ஊரான ஃபோர்ட் மக்ஃபர்சனே அதைச் சொல்லிச் சொல்லிப் பனி உருகும் வரை சிரித்தது. இந்தத் தடவை ஜெயித்தே ஆகவேண்டும்.

"நீ வராதே" என்று சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது. ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள் எஃபி. குரலும் லாரி ஹாரன்தான். ஆனால் குளிரோ மைனஸ் முப்பத்தெட்டு. நூற்றெண்பது கிலோமீட்டர் வெறிச்சோடிய சாலை. முன்னெச்சரிக்கை என்று சொன்னால் யாரால் மறுக்க முடியும்?

காலையில் பிக்கப்பில் சாமான் ஏற்ற ஆரம்பித்தான். எஃபி வந்து நின்றாள்.

"என்னய்யா, வீடு மாத்தறியா?"

"குளிர்காலப் பிரயாணம், விளையாட்டா? இது பனி அள்ளற வாரி. இது மணல் மூட்டை, டயர் சறுக்கினா அடியில போட. இது ரெண்டாவது ஸ்பேர் டயர்."

"ரெண்டாவது எதுக்கு?"

"மொதலாவதுக்குத் துணை."

"பின்னாடி தொட்டியில போடேன். சீட்டுல எதுக்கு அடுக்கற?"

"பனி மூடிடும். அவசரத்துக்குத் தோண்டிக்கிட்டா நிப்பேன்?"

"அதுவும் சரிதான். அப்ப நான் எங்க உக்கார்றது?"

"அதை நெனச்சாத்தான் எனக்கும் மனசு கேக்கல," என்று மூக்கை உறிஞ்சினான். "ஓட்டறவருக்கு மட்டும்தான் இடம். என்ன பண்ண, உயிர்தானே முக்கியம்!"

"முக்கியந்தான். மெழுகுவத்தி, தீப்பெட்டி?"

"வெச்சாச்சு."

எஃபி உள்ளே போய்க் காய்ந்த கரிபு மான் இறைச்சி, ரொட்டி, ஃபிளாஸ்கில் டீ எல்லாம் கொண்டுவந்தாள். தன் பச்சைக் கோட்டையும் திணித்தாள்.

"உன் கோட்டு எனக்குப் பத்தாதே?"

"இருக்கட்டும்யா, உதவும்."

எஃபி இவ்வளவு சுலபத்தில் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. எர்னஸ்டுக்கு ஒரே குஷி. எல்லோரும் செய்கிறபடி சாவியை வண்டியிலேயே விட்டு, எஞ்சினை உறும விட்டான். சூடேற இருபது நிமிஷமாகும். உள்ளே போய் நிதானமாக டீ குடித்தான்.

"ஏய்யா, எஞ்சினைச் சூடாக்கற கரண்ட் ஒயரைச் செவுத்துலேருந்து புடுங்கு!" வெளியிலிருந்து எஃபி கத்தினாள். "போன மாசம் மறந்துபோய் ஓட்டி, செவுத்தையே பேத்தல்ல?"

வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்ப் பிடுங்கினான். மறுமுனை வண்டியில் மாட்டியிருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்து பார்த்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சைக் கோட்டு!

"எறங்கு எஃபி! ஓட்டறவருக்கு மட்டும்தான் இடம்னு சொன்னேன்ல?"

"அதான் நான் ஓட்டறேன்."

"ஐயோ, என் போட்டி!"

"போன வாரமே என் பேரையும் குடுத்தாச்சு. நீ வீட்டுல இருந்து வாசல் பனியை அள்ளிடு."

"எதை வெச்சு அள்ளறது? வாரி வண்டியில இருக்கே!"

எஃபி பக்கத்து இருக்கையில் கிடந்த வாரியைப் பாசத்தோடு தட்டிக்கொடுத்தாள். "இது வேணும்யா. உயிர்தானே முக்கியம்!"

வண்டி கிளம்பியது. எர்னஸ்ட் கையில் சுருட்டி வைத்திருந்த ஒயரும் நழுவி அதன் பின்னாலேயே போய்விட்டது.