‘பரிபூரண சம்மதம்’ சொல்லப் போனபோது வாய்க்குள் போன ஈசல்

கட்கி, புனே
திங்கட்கிழமை காலை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஸ்டீபன் அத்தானுக்கு, மைத்துனன் ஜெபமணி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் கிருபையால் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் ஒருவனைப் பொறுத்தவரை அதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காளின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாமென்றால் உங்கள் காது இருக்கும் நிலையில் நான் ‘பூச்சி’ என்பேன், நீங்கள் ‘பேச்சு’ என்று கேட்டுக்கொண்டு, “பேச்சு நல்லா முடிஞ்சுதா?” என்பீர்கள். அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீங்கள் பார்த்துச் சொன்ன பிம்ப்ரி பையன் ராஜாவும் அவன் தாயார் ஞானப்பூ அம்மாளும் நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் காவ்யாவுக்கு இருபத்தொன்பது முடிகிறது. இதுவரை ஏழு இடங்களைத் தட்டிக்கழித்தவள். இந்தப் பையனோடு இரண்டு முறை காப்பி குடித்துவிட்டு வந்து, “ஓகேப்பா” என்று அவளாகவே சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாலு வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று நாளாக மழை, நேற்றுத்தான் கொஞ்சம் விட்டிருந்தது. அவள் அம்மா எஸ்தர் வீட்டை வெளிச்சமாக வைக்க வேண்டுமென்று இரண்டு டியூப் லைட்டையும் போட்டு, சன்னலையும் திறந்து வைத்திருந்தாள். பஜ்ஜி ஆயிற்று, டீ ஆயிற்று. ஞானப்பூ அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, “அப்ப, எங்க ராஜா உங்களுக்குச் சம்மதந்தானா?” என்று கேட்டார்கள்.

தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் பிட்டராக இருந்தவனுக்குப் பேச்சு வராது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள். அதனால் ‘பரிபூரண சம்மதம்’ என்று சொல்வதாக மத்தியானமே முடிவு செய்து, குளியலறையில் சொல்லியும் பார்த்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி வாயை நன்றாகத் திறந்தேன். ‘பரி’ வெளியே வந்தது. ‘பூரணம்’ வருவதற்குள் ஒரு ஈசல் உள்ளே போயிற்று.

அத்தான், நான் அரண்டுபோனேன். நாக்கில் சிறகு ஒட்டியது, தொண்டையில் கால்கள் பிறாண்டின. நாலு கால் இறங்கியது நிச்சயமாகத் தெரியும். மீதி இரண்டைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. ஊரில் ஈசலை வறுத்துத் தின்போமே என்று தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள். வறுத்தது பேசாமல் போகும், இது போகிற வழியெல்லாம் படபடத்தது. என்னையறியாமல் “த்தூ” என்று துப்பினேன். துப்ப நினைத்தது ஈசலைத்தான், ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது ராஜா.

ஆக, அந்த அம்மாள் காதில் விழுந்தது, “பரி… த்தூ.”

எனக்குப் புரை ஏறிக் கண் பிதுங்கியது. எஸ்தர் நெஞ்சுவலி என்று நினைத்து உரக்க ஜெபிக்கத் தொடங்கி, ஜெபத்துக்கு நடுவிலேயே மீன்முள்ளுக்குச் செய்வதுபோல் ஒரு உருண்டைச் சோற்றையும் என் வாயில் அடைத்தாள். அந்தப் பையன் மட்டும் எழுந்து வந்து, செல்போன் டார்ச்சைப் போட்டு என் தாடையைப் பிடித்தான். மருந்துக் கம்பெனி லேபரட்டரியில் இருப்பவன் அல்லவா. “அங்கிள், வாய் தொறங்க. இன்னும் படா, பெருசா. உள்ள கொட்டிச்சா, சும்மா போச்சா?” என்றான்.

“சும்மாத்தான் போச்சு தம்பி.”

“தேனீ, குளவி இல்லையே?”

“ஈசல்.”

“அப்ப டென்ஷன் வேணாம். வயித்துல ஆசிட் இருக்கில்ல, அது கரைச்சிரும். தேனீன்னா தொண்டை வீங்கும், மூச்சு நிக்கும், அப்பதான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இப்ப தண்ணி குடிங்க, போதும்.”

இத்தனை பேரில் அவன் ஒருவன்தான் மனுஷன் என்று எனக்குத் தோன்றியது. மறுபடி ‘சம்மதம்’ என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது ஏப்பம். அதற்குள் ஞானப்பூ அம்மாள் கைப்பையை எடுத்துவிட்டார்கள்.

“எம் புள்ளையப் பாத்துத் துப்புன வீட்ல எனக்கென்ன சோலி? ராஜா, வண்டிய எடு.”

“அம்மா, அவருக்குப் பூச்சி போச்சும்மா உள்ள.”

“பூச்சியாம் பூச்சி. நான் பாக்கலையே?”

எஸ்தர் சும்மா இருந்திருக்கலாம். “மைனி, இவிய வேணும்னு செய்யல, எப்பவுமே இப்படித்தான்,” என்றாள். அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ராஜா எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து அவர்கள் திட்டிக்கொண்டு போன சத்தம் முனை திரும்பும் வரை கேட்டது.

அதன்பின் காவ்யா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள், மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தாள். அது பரிவா, கோபமா என்று விளங்கவில்லை. வயிற்றில் என்ன நடக்கிறதென்று கவனித்துக்கொண்டே படுத்திருந்ததில் எனக்கும் சரியான தூக்கமில்லை. ஞானப்பூ அம்மாள் உங்கள் சபையில் வளர்ந்தவர்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் துப்பியது அவர்கள் பிள்ளையை அல்ல, விழுங்கியது உண்மையாகவே ஒரு ஈசலை என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் கிளம்பியே வாருங்கள், டிக்கெட் நான் போடுகிறேன்.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பின் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் சமாதானமும் சுகமும் நிலைத்திருக்க ஜெபிக்கும்,

உங்கள் மைத்துனன்,
ஜெபமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம், வரவும் வேண்டாம். கல்யாணத்துக்கு வந்தால் போதும். ஞானப்பூ அம்மாள்தான் பேசினார்கள், குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. நேற்று என்னைத் திட்டிக்கொண்டே பைக்கில் போனபோது, தாபோடி சிக்னல் பக்கம் அவர்கள் வாய்க்குள்ளும் ஏதோ போய்விட்டதாம். “ராஜாட்ட சொல்லல, சிரிப்பான்,” என்றார்கள். அப்புறம் கேட்டார்கள்: “ஏன் சம்பந்தி, உங்களுக்கு இப்ப வயித்துக்குள்ள எப்படி இருக்கு?”