மகள் கையில் பந்து இருக்கும் வரை

தனியார் பள்ளிகளின் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், படிக்கட்டு வரிசையில் ஓர் இனம் உட்கார்ந்திருக்கும். அதற்கு முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கைபேசி இருக்கும். இதுதான் படம் பிடிக்கும் தகப்பன்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து, தூண் மறைக்காத, வெயில் எதிரே அடிக்காத இடமாகப் பார்த்துப் பையைப் போட்டுப் பிடித்து, சட்டை நுனியால் கைபேசியின் கண்ணைத் துடைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் தும்மாம இருங்க, படம் ஆடும்" என்று கெஞ்சி, தன் மூச்சையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு அவர் உட்காருகிற சிரத்தையைச் சும்மா சொல்லக்கூடாது. ஆட்டத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

எனக்குத் தெரிந்த பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் இந்த இனத்துக்கே தலைவர். அவர் மகள் பள்ளி அணியின் உயிர். அவள் கெட்டிக்காரத்தனம் பந்தைக் கொடுப்பதில் இருந்தது. நாலு பேர் சூழ்ந்து நிற்பார்கள், இவள் இடது பக்கம் பார்ப்பாள், பந்து வலது பக்கம் ஓடுகிற தோழியின் கையில் கொண்டுபோய் வைத்ததுபோல் இருக்கும். தோழி கூடையில் போடுவாள். கைதட்டல் தோழிக்கு.

ஆட்டம் நடக்கும்போது கடைக்காரருக்கு ஒரே விதி. பந்து மகள் கைக்கு வந்ததும் படம் ஓடும். கையை விட்டுப் போனதும் நிற்கும்.

"ஏங்க, பந்து எங்க போச்சுன்னு எடுக்க வேண்டாமா?" என்பாள் மனைவி.

"அது அடுத்தவங்க பிள்ளைடி. அவங்க அப்பன் எடுத்துக்கட்டும்."

அரையிறுதி முடிந்து மகள் வியர்வையோடு ஓடிவந்தாள். "அப்பா, எத்தனை புள்ளியில ஜெயிச்சோம், சொல்லுங்க பாப்போம்?"

"ஜெயிச்சீங்களா? அடடே! இடைவேளையில நீ தண்ணி குடிச்சது பிரமாதமா வந்திருக்கு கண்ணு."

அந்த வருடம் ஒரு பெரிய கல்லூரி அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. பந்து கொடுக்கத் தெரிந்த பெண்தான் வேண்டும், ஆட்டத்தின் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார் தேர்வு செய்கிற அம்மா. பயிற்சியாளர் ஓடிவந்து, "அண்ணே, உங்களை விட்டா யாரு!" என்றார். கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அத்தனையையும் அனுப்பினார். மறுநாளே போன் வந்தது.

"சார், பாப்பா பந்தை வாங்குறா, தட்டுறா, நிக்கிறா. அப்புறம் படம் நின்னுடுது. யாருக்குக் கொடுத்தா?"

"அது எதுக்கு மேடம்? முகம் தெளிவா இருக்கே?"

"கொடுக்கிறதைத்தான் சார் நான் பாக்கணும்."

கடைக்காரர் போனை வைத்தார். கூடை போடுகிற தோழியின் தகப்பனாரிடம் ஓடினார். அவர் பல் டாக்டர். அவரும் விடாமல் படம் எடுத்தவர். அவர் படத்தில் பந்து வானத்திலிருந்து விழுந்ததுபோல் அவர் மகள் கையில் வந்து உட்கார்ந்தது.

"பந்து எங்கேயிருந்து வந்துச்சுன்னு எடுக்கலையா டாக்டர்?"

"அது உங்க பொண்ணாச்சே! நான் எதுக்கு எடுக்கணும்?"

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்றத் தகப்பன்மார் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார். பதினெட்டுக் கைபேசிகள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பந்து பறந்த அந்தக் கண்ணிமைக்கும் நேரம் ஒன்றில்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை போயிற்று. இடம் வேறொரு பள்ளிப் பெண்ணுக்குப் போயிற்று. அவள் ஆட்டத்தைப் படம் பிடித்தவர் அந்தப் பள்ளியின் காவலாளி. கை நடுங்கியிருந்ததாம், ஆனால் பத்துப் பேரும் படத்தில் இருந்தார்களாம். அவருக்குத்தான் அங்கே பிள்ளை கிடையாதே!

மகள் அழவில்லை. "அப்பா, நான் கொடுத்ததுல ஒண்ணையாவது நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்காரர் கைபேசியில் தேட ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற உங்கள் செல்வத்தை மட்டும் எடுத்து, வசனம் பேசிய ராஜாவைப் பாதியாக வெட்டியது யார்? நான் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். யோசித்து மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் அந்தக் கையைக் கொஞ்சம் இறக்குங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை.