எழுபத்தைந்து பர்சன்ட் நிழல்

எங்கள் வீட்டு மொட்டை மாடியை உயிர் உள்ளவரை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். திருச்சி பாலக்கரையில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். எனக்கென்று இருப்பது அந்த மாடி ஒன்றுதான். சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாரும் என்னை வேலை ஏவ மாட்டார்கள். அதற்குத்தான் என் மனைவி லூர்துராணி குறி வைத்தாள். அங்கே பந்தல் போட்டுத் தையல் கிளாஸ் நடத்த வேண்டுமாம்.

அவளை நேராக மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு எப்போதும் கிடையாது. அதனால் தில்லை நகரிலிருந்து ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளை வாங்கி வந்து, மாடி முழுக்கத் தொட்டிகளாக அடுக்கினேன்.

“என்னங்க இது?”

“ஸ்ட்ராபெர்ரி. சுத்தமான வெயில் பயிர். மேல பந்தல் கிந்தல் போட்டா பழமே வராது.”

“அப்படியா? அப்ப பந்தல் வேணாங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னொரு காபி கேட்டேன். அதுவும் கிடைத்தது.

திருச்சி வெயில் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. மாசி முடிவதற்குள் இலைகளெல்லாம் அப்பளமாகப் பொரிந்துவிட்டன.

“பாவங்க, வாடிப்போச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு இதுக்குக் கொஞ்சம் நிழல் வேணுமாம். குத்புதீன் பாய் கடையில பச்சை வலை இருக்கு. வாங்கிட்டு வாங்க.”

“நிழல் விழுந்தா பழம் வராதே?”

“செடியே போயிட்டா பழம் எங்கேருந்துங்க வரும்?”

நியாயம்தான். போனேன்.

குத்புதீன் பாய் என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அம்பது பர்சன்ட் வேணுமா, எழுபத்தஞ்சு பர்சன்ட் வேணுமா சார்?”

ஆடித் தள்ளுபடியிலேயே உடுத்தி வளர்ந்த உடம்பு இது. யோசிக்க என்ன இருக்கிறது?

“எழுபத்தஞ்சே குடுங்க பாய்!”

மாடி அளவுக்கு வலையை வெட்டி முடித்த பிறகு பில்லைப் பார்த்தேன்.

“தள்ளுபடி எங்க பாய்?”

“தள்ளுபடியா? அது நிழல் சார்! இந்த வலை வெயில்ல முக்கால்வாசியத் தடுத்துடும். அம்பதுன்னா பாதி.”

“தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்.”

வெட்டிய வலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்டால் மானம் போகும். நானே கம்பி நட்டு இழுத்துக் கட்டினேன். மாடி ஜிலுஜிலுவென்று ஆகிவிட்டது. செடிகள் தளதளவென்று இலை விட்டன, கொடி வீசின. பூ மட்டும் பூக்கவில்லை.

“உங்க பேருதான் அற்புதசாமி. ஒரு பழத்துக்குக்கூட வழியக் காணோமே?”

“நிழல் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல.”

“அப்ப கீழ இறக்கி வாசல்ல வைங்க. அங்க காலை வெயில் நல்லா வருது. மத்தியானம் எதிர்வீட்டு நிழல் விழுந்துடும்.”

“வலையப் பிரிச்சுட்டா?”

“மறுபடியும் கருகவா?”

ஒவ்வொரு தொட்டியாகச் சுமந்து இறக்கினேன். படியில் எதிரே பக்கத்து வீட்டு ஆன்சியும் தெருப் பெண்களும் துணி போட்டு மூடிய எதையோ தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மரியாதைக்கு ஒதுங்கி வழிவிட்டேன். கடைசித் தொட்டியையும் இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி மேலே போனால், மாடி முழுக்கத் தையல் மெஷின்கள். என் நாற்காலியில் ஆன்சி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“ராணி, இந்த வலை செடிக்காகப் போட்டது!”

“செடிக்கு எழுபத்தஞ்சு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாங்க? எங்களுக்குத்தான் அது வேணும். ‘அம்பதா, எழுபத்தஞ்சான்னு மட்டும் கேளுங்க பாய், வேற ஒண்ணும் சொல்லாதீங்க, எங்க வீட்டுக்காரர் ஜாஸ்தியா இருக்கறதத்தான் எடுப்பாரு’ன்னு சொல்லி வச்சதே நான்தான்.”