பத்துக் குஞ்சுகளும் ஒரு தயிர்சாதமும்

யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் கேட்காமலே வைத்தியம் சொல்கிற பழக்கம் எனக்கு இருந்தது. பத்துக் கோழிக்குஞ்சுகளின் பின்பக்கத்தைக் கிரிவலப் பாதையில் உட்கார்ந்து கழுவிய நாளோடு அது போயிற்று.

அப்போது அடி அண்ணாமலையில் குடியிருந்தோம். என் மனைவி கவிதா, பிறந்து நான்கே நாளான பத்து நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு மாட்டி வளர்க்க ஆரம்பித்திருந்தாள். மூன்று நாள் கீழ்பென்னாத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது தெளிவாகத்தான் சொன்னாள்.

"குஞ்சுத் தீவனம், தண்ணி. வேற எதுவும் குடுக்காதீங்க. பல்பை அணைக்காதீங்க. முக்கியமா, நீங்களா எதையும் யோசிக்காதீங்க."

கடைசி வாக்கியம்தான் என்னைச் சீண்டிவிட்டது.

அன்று மாலை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வேளாவேளைக்கு அதே தூள், அதே தண்ணீர். மனசு கேட்கவில்லை. தயிர்சாதத்தைக் குழைய மசித்து வைத்தேன். பாய்ந்து பாய்ந்து தின்றன. (என் சமையலுக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை.) மறுநாள் ரவா கேசரி. பாவம், புழுங்குமே என்று பல்பை அணைத்து ஃபேனையும் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு சத்தமும் இல்லை. இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடி நின்றன. தூக்கிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் எச்சம் காய்ந்துபோய் சிமெண்ட் பூசினாற்போல் பின்பக்கம் அடைத்திருந்தது. கவிதா அன்று மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம் என்றால் அன்று பௌர்ணமி. ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. பெட்டியை ஒரு துண்டால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பாதி நடை, பாதி ஓட்டம்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து, "லைன்ல வாங்கப்பா, தள்ளாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். எனக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். (பௌர்ணமியன்று ஒருவன் மூடிய பெட்டியோடு ஓடினால் அது அன்னதானம்தான். வேறு என்ன நினைப்பார்கள்?)

"என்னா சார், பொங்கலா, புளியோதரையா?"

"ஒண்ணும் இல்லீங்க. போங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூடி எடுத்துக்கினு போற?" என்று முன்னால் நின்ற அம்மாள் துண்டை விலக்கினார். ஆவலோடு குனிந்தவர், "அய்யே!" என்று நிமிர்ந்தார்.

நல்ல வேளை, அவர் வீட்டில் கோழி வளர்ப்பவர். ஒரு குஞ்சைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னா துன்னக் குடுத்த?"

"தயிர்சாதம்ங்க. அப்புறம்... கேசரி."

"குஞ்சுக்குக் குடுத்தியா, மாப்பிள்ளைக்குக் குடுத்தியா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. அவர் பக்கத்து டீக்கடையில் ஒரு கிண்ணம் வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கினார். "உக்காரு. துணிய நனைச்சு ஒத்தி ஒத்தி ஊற வை. பிச்சி இழுக்காத, தோல் கிழிஞ்சிடும். தொடைச்சதும் ஈரம் இல்லாம காய வை. குளிர் ஆகாது அதுங்களுக்கு."

தரையில் உட்கார்ந்து துண்டைக் கிழித்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, நான் துடைத்தேன். ஏழாவது குஞ்சின் வழி திறந்து, அது தன் நன்றியை என் சட்டைமேல் தெரிவித்தபோது கூட்டம் கைதட்டியது.

கைதட்டல் எதற்கு என்று பார்க்க, கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது. மாமனார், மாமியார், மச்சான். நடுவில் கவிதா.

"மாப்ள?" என்றார் மாமனார்.

கவிதா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எட்டாவது குஞ்சைக் கையில் எடுத்தாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

பல்பும் பழைய தீவனமும் திரும்பி வந்ததும் ஒன்பது பிழைத்தன. ஒன்று மறுநாள் போய்விட்டது. அதைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேலி பேசுவதில்லை.

மற்றதற்கெல்லாம் உண்டு. போன மாதம் வேங்கிக்காலில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழா. மிக்ஸி இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கையேந்தி வரிசையில் நின்றார்கள்.

"இன்னைக்கு என்னா மாப்ள, கேசரியா?" என்றார் மாமனார்.

வரிசையில் அவர் இரண்டாவது ஆள். முதல் ஆள் கவிதா.